மின்ரயிலின் மோட்டார்மேன் அறையில் முதல் பயணம்: ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னைப் புறநகர் மின்ரயிலில் முப்பது வருடம் ஆபீஸ் போய்வந்தவருக்குக்கூட மோட்டார்மேன், அதாவது மின்ரயில் ஓட்டுநர், இருக்கும் அந்த முன்பக்க அறை உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது. பயணிகள் பெட்டிக்கும் அதற்கும் நடுவே தடுப்பு இருக்கிறது, எட்டிப் பார்க்க வழியில்லை. தண்டவாளப் பிரிவிலும் சிக்னல் பிரிவிலும் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், பயிற்சியில் இருக்கும் ஓட்டுநர்கள், அனுமதி வாங்கி வரும் ஆய்வு மாணவர்கள், பத்திரிகையாளர்கள் என்று சிலருக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கும். அப்படி முதல்முறை ஏறப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை பீச் நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் தடத்தை வைத்தே சொல்கிறேன். தாம்பரம்வரை 1931-இலேயே மின்ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. புதியவர் பார்க்க வேண்டிய அநேகமாக எல்லாமே அதில் இருக்கின்றன.

அனுமதி

மோட்டார்மேன் நமக்குத் தெரிந்தவர், அவரே கூப்பிட்டார் என்பதெல்லாம் செல்லாது. பணியில் இருப்பவர்களைத் தவிர வேறு யார் ஏறினாலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 156-ஆவது பிரிவு, ஊழியர் எச்சரித்த பிறகும் எஞ்சினிலோ பயணிகளுக்கல்லாத வேறு பகுதியிலோ பயணம் செய்தால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 500 ரூபாய் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் உங்களை ஏற்றிய மோட்டார்மேனின் வேலைக்கே அது உலை வைத்துவிடும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2009 ஏப்ரல் இறுதியில் நடந்ததைத்தான். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் நின்றிருந்த மின்ரயிலை, விடியற்காலையில் சம்பந்தமில்லாத ஒரு ஆள் ஓட்டிக்கொண்டு போனார். வியாசர்பாடி ஜீவா நிலையத்தருகே அது சரக்கு ரயிலில் மோதி, உள்ளே இருந்த பயணிகள் சிலர் இறந்தார்கள்.

ரயில்வே ஊழியர் என்றால் உங்கள் பிரிவு அதிகாரி மூலமாகவே, சென்னைக் கோட்ட அலுவலகத்தில் ஓட்டுநர்களைக் கவனிக்கும் மின்பொறியியல் இயக்கப் பிரிவுக்குக் கடிதம் போகட்டும். வெளியாள் என்றால் தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் தொடங்குவது நல்லது. கடிதத்தில் நோக்கம், எந்தப் பகுதி, எந்தத் தேதி, எந்தத் திசை என்று நான்கையும் எழுதுங்கள். "சில ரயில்களில் பயணம் செய்ய விரும்புகிறேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கடிதம் மேசைக்கு மேசை சுற்றும். படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். ஏறுவதற்கான அனுமதி, படம் எடுப்பதற்கான அனுமதி ஆகாது.

நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமானால் காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, பத்தரை பதினொரு மணிவாக்கில் பீச்சிலிருந்து தெற்கே போகும் வண்டியாகக் கேளுங்கள். இந்தத் தடம் தென்மேற்காக இறங்குகிறது. மாலையில் அந்தப் பக்கம் போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், சிக்னல் விளக்கைக் கண்டுபிடிக்கவே உங்களுக்குச் சிரமமாக இருக்கும். மோட்டார்மேனுக்கு அது பழக்கம், உங்களுக்கு அல்ல.

கிளம்பும் நாள்

பருத்திச் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, தோளில் தொங்காத சின்னப் பை. துப்பட்டா, சால்வை இருந்தால் இறுக்கிச் சொருகிக்கொள்ளுங்கள். கருவிகளுக்கு நடுவே நிற்கப் போகிறீர்கள். சிவப்பு, பச்சை நிறத் துணி எதையும் கையில் வைத்து ஆட்டும்படி கொண்டுவர வேண்டாம், அவை ரயில்வேயில் கைச்சைகையின் நிறங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். புறநகர் மின்ரயிலில் கழிப்பறை கிடையாது, முன் அறையிலும் இல்லை. செங்கல்பட்டுவரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டி. நிலையத்திலேயே போய்விட்டு வந்துவிடுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் அப்புறம் கஷ்டப்படுவது நீங்கள்தான்.

குறைந்தது அரைமணி நேரம் முன்னால் போய், முதலில் ஓட்டுநர்கள் வருகைப் பதிவு செய்யும் லாபியில் கடிதத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் ஓட்டுநர்களை மேற்பார்வையிடும் லோகோ இன்ஸ்பெக்டர் ஒருவர் உங்களோடு வருவார். வேலைக்கு வரும் மோட்டார்மேன் அங்கே மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதுகிறார், புதுச் சுற்றறிக்கைகளைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார், அன்றைக்கு எந்தெந்தக் கிலோமீட்டரில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை உத்தரவை வாங்கிக்கொள்கிறார். முடிந்தால் அந்த உத்தரவை ஒருமுறை படித்துப் பாருங்கள், அல்லது அவரிடமே கேளுங்கள். எங்கே தண்டவாள வேலை நடக்கிறது, எங்கே மெதுவாகப் போவோம் என்று முன்பே தெரிந்தால் வழியில் பாதிக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

வெளியாளாக இருந்தால் பயணச்சீட்டு ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தில் டிக்கெட் பரிசோதகருக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

12 பெட்டி வண்டியின் நீளம் சுமார் 250 மீட்டர். பின்கோடியில் நின்றுகொண்டு முன்கோடிக்கு ஓடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற வேலை. எந்தப் பக்கம் முன்பக்கம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முனையத்தில் வண்டி திரும்புவதில்லை, மோட்டார்மேனும் கார்டும்தான் இடம் மாறிக்கொள்கிறார்கள். கார்டு என்ற பதவியின் பெயர் 2022-இல் டிரெயின் மேனேஜர் என்று மாறிவிட்டது. ஆனாலும் பேச்சில் எல்லோருக்கும் அவர் கார்டுதான்.

உள்ளே

நடைமேடைப் பக்கக் கதவு வழியாக மட்டும் ஏறுங்கள், இறங்குங்கள். எதிர்ப்பக்கக் கதவுக்கு வெளியே அடுத்த தண்டவாளம், அதில் எந்த நொடியும் வண்டி வரும். ஏறியதும் "வணக்கம் சார், இன்ன பேர், இன்ன காரணத்துக்கு வந்திருக்கேன்" என்று சொல்லிக் கடிதத்தை நீட்டுங்கள். அவர் அதை நிதானமாகப் படிப்பார், மறுபடி ஒருமுறையும் படிப்பார். வருத்தப்பட வேண்டாம், படிக்காமல் விடுகிறவரிடம்தான் எனக்குப் பயம்.

அவர் கைகாட்டும் இடத்தில் நில்லுங்கள். பொதுவாக அவர் இருக்கைக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் பின்னால். எதையும் பிடித்துக்கொள்ளுமுன் கேளுங்கள். கைக்கு வாகாகத் தெரிவது அவசர பிரேக் பிடியாகவும் இருக்கலாம். சுவிட்ச் வரிசை மேல் சாய வேண்டாம், பையை மேசை மேல் வைக்க வேண்டாம்.

கருவிகளில் மூன்றை மட்டும் முதல் நாள் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, வேகத்தைக் கூட்டும் மாஸ்டர் கன்ட்ரோலர். அதன் பிடியைக் கவனியுங்கள். வண்டி ஓடும்வரை மோட்டார்மேன் அதை அழுத்திப் பிடித்தபடியே இருப்பார். கை தளர்ந்தால் மின்சாரம் துண்டாகித் தானாக பிரேக் பிடித்துவிடும். ஓட்டுகிறவர் மயங்கி விழுந்தாலும் வண்டி நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மூக்கு அரித்தாலும் மற்றக் கையால்தான் சொறிந்துகொள்வார், பாருங்கள். இரண்டாவது பிரேக் பிடி. காற்றழுத்தத்தோடு மின்சாரக் கட்டளையும் சேர்ந்து போவதால் பன்னிரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கிறது, நடைமேடையில் சொன்ன இடத்தில் நிறுத்த முடிவது இதனால்தான். மூன்றாவது அழுத்தமானிகள். பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும், ஓட்டத்தில் அவர் கண் அடிக்கடி அங்கே போய் வருவதைப் பார்க்கலாம். வண்டிக்கு வண்டி அமைப்பு மாறும். 2025 ஏப்ரலில் பீச் – செங்கல்பட்டுத் தடத்துக்கு வந்த ஏ.சி. மின்ரயிலில் கதவுகள் மூடினால்தான் வண்டியே நகரும்.

எப்போது பேசலாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: இரட்டை மஞ்சள் கண்ணில் பட்ட நொடியிலிருந்து வாயை மூடிக்கொள்ளுங்கள், பச்சை வரும்வரை திறக்காதீர்கள்.

இந்தத் தடத்தில் ஒரே பாதையில் வண்டிக்குப் பின் வண்டி வந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் தானியங்கி சிக்னல்கள். நான்கு நிலைகள்: பச்சை என்றால் போகலாம், இரட்டை மஞ்சள் என்றால் அடுத்தது மஞ்சளாக இருக்கும், கவனம், ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்ததில் நிற்கத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் நில். இரட்டை மஞ்சளைப் பார்த்ததுமே மோட்டார்மேன் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார். முன்னால் போன வண்டி எந்த நிலையத்தில் நிற்கும், மழை பெய்து தண்டவாளம் வழுக்குகிறதா, வண்டியில் கூட்டம் எவ்வளவு என்று எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அந்த நேரத்தில் "சார், இந்த பட்டன் எதுக்கு?" என்று நீங்கள் கேட்டால் மரியாதைக்காகத் திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பல்தான் ஆபத்து. சிலர் சிக்னலின் நிறத்தை வாய்விட்டுச் சொல்வார்கள். அது தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது, நீங்கள் பதில் பேச வேண்டியதில்லை.

சரி, நிலையத்தில் நிற்கும்போது பேசலாமே என்று தோன்றும். அதுதான் பேசவே கூடாத நேரம். அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பின்கோடியில் கார்டு நடைமேடையைப் பார்த்துவிட்டு மணி அடிக்கிறார். இரண்டு அடி என்றால் கிளம்பு, ஓர் அடி என்றால் நிறுத்து. மோட்டார்மேன் திருப்பி இரண்டு அடிக்கிறார். ஆனால் மணி கேட்டதும் பிடியைத் திருப்பக் கூடாது. நடைமேடை முனையில் இருக்கும் ஸ்டார்ட்டர் சிக்னலை முதலில் பார்க்க வேண்டும். அது சிவப்பாக இருந்தால் கார்டின் மணிக்கு மதிப்பில்லை. பேச்சுச் சுவாரசியத்தில் இருக்கும் மனம் மணியோசைக்குப் பழக்கத்தால் கையை நகர்த்திவிடும். சிவப்பில் வண்டி கிளம்பிவிடுவது உலகம் முழுக்க ரயில்காரர்கள் பயப்படும் தவறு.

அப்படியானால் எப்போதுதான் பேசுவது? நிலையத்தை விட்டு வேகமெடுத்து, பச்சையும் தெரிந்து, மின்சாரத்தை நிறுத்தி வண்டியைச் சும்மா உருளவிடும் கட்டம் ஒன்று வரும். இங்கே நிலையங்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. கொஞ்ச தூரம் மின்சாரம், கொஞ்ச தூரம் உருளல், அப்புறம் பிரேக், இதுதான் ஓட்டத்தின் தாளம். உருளும்போது மோட்டார் சத்தம் அடங்கும். அவருக்கு விருப்பம் இருந்தால் அப்போது அவரே பேச்சைத் தொடங்குவார். தொடங்காவிட்டால் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் கேளுங்கள்.

வழியில் பார்க்க வேண்டியவை

பீச்சிலிருந்து கோட்டை, பார்க், எழும்பூர்வரை வேகம் குறைவு, வளைவுகள் அதிகம். இங்கே கம்பங்களைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். மேலே போகும் மின்கம்பியைத் தாங்கும் ஒவ்வொரு கம்பத்திலும் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் போட்ட தகடு இருக்கும். எந்த இடத்தில் என்ன பார்த்தீர்கள் என்று எழுத அதுதான் முகவரி. மஞ்சள் பலகையில் டபிள்யூ எழுத்து இருந்தால் ஹாரன் அடிக்க வேண்டிய இடம். சத்தம் காதைப் பிளக்கும், முதல்முறை துள்ளாமல் இருக்க முடியாது. வட்டத் தகட்டில் ஆங்கில ஏ எழுத்து இருந்தால் அந்த சிக்னல் தானியங்கி என்று பொருள். அதில் சிவப்பு விழுந்திருந்தால் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்று, பிறகு எந்த இடத்திலும் சட்டென்று நிறுத்தும்படி ஊர்ந்து போகலாம். அந்த எழுத்து இல்லாத நிலைய சிக்னலில் சிவப்பு என்றால் அப்படி ஊர்ந்தும் போக முடியாது. பெட்டியில் இருக்கும்போது "ஏன்யா நடுவழியில நிறுத்திட்டான்" என்று நாம் அலுத்துக்கொள்ளும் நிமிடம் இதுதான்.

மாம்பலம் வரும்போது நோட்டை மூடிவிட்டுக் கண்ணாடியை மட்டும் பாருங்கள். கோடம்பாக்கம் தாண்டியதுமே அவர் உடம்பு நிமிர்ந்துவிடும். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஜனம். ரங்கநாதன் தெருப் பக்கம் போகும் நடைமேம்பாலம் இருந்தும், துணிப்பைகளோடு குறுக்கே கடக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நம் தடத்தில் கால் வைப்பார். ஹாரன் நீளமாக அலறும், அவர் நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார், நாலு எட்டில் தாண்டிவிட்டு இன்னும் பேசிக்கொண்டே போவார். மோட்டார்மேனின் ஒரு கை பிரேக்கில் இருக்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிய பன்னிரண்டு பெட்டி அந்த நாலு எட்டுக்குள் நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

சைதாப்பேட்டை தாண்டினால் அடையாற்றுப் பாலம், அப்புறம் கிண்டி, பரங்கிமலை. 2018 ஜூலையில் விரைவுத் தடத்தில் போன மின்ரயிலின் படியில் தொங்கியவர்கள் பரங்கிமலை நடைமேடைத் தடுப்பில் அடிபட்டு இறந்தார்கள். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு குறுகலான இடைவெளி என்பது முன் அறையிலிருந்து பார்த்தால்தான் உறைக்கும். ஆகவே ஜன்னலுக்கு வெளியே தலையோ, கையோ, போனோ நீட்ட வேண்டாம். மேலே ஓடுவது 25,000 வோல்ட். அளவு எடுக்கும் இரும்பு டேப், செல்ஃபி குச்சி எதுவும் பையை விட்டு வெளியே வரக்கூடாது. திரிசூலத்தில் விமான நிலையமும், பல்லாவரம் பக்கம் குன்றுகளும் தெரியும். வேடிக்கை பார்க்க நல்ல இடம், அவ்வளவுதான்.

நியூட்ரல் செக்ஷன் என்ற இடம் எங்கே வரும் என்று முன்பே இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துணைமின் நிலையத்தின் மின்சாரம் முடிந்து அடுத்ததன் மின்சாரம் தொடங்கும் இடம் அது. இரண்டும் வேறு வேறு கட்ட (ஃபேஸ்) மின்சாரம், ஒன்றோடொன்று சேரக் கூடாது. அதனால் நடுவில் கொஞ்ச தூரம் கம்பியில் மின்சாரமே இருக்காது. 500 மீட்டர், 250 மீட்டர் என்று எச்சரிக்கைப் பலகைகள் வரும். அடுத்து டி.ஜே. ஓபன் என்ற பலகை வரும்போது மோட்டார்மேன் டி.ஜே. எனப்படும் முதன்மை சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார். வண்டி வந்த வேகத்திலேயே உருண்டு போகும். டி.ஜே. குளோஸ் பலகை தாண்டியதும் மறுபடி மூடுவார். இதில் கவனிக்க வேண்டியது அவர் கைகளின் நிதானம். மெதுவாக உள்ளே போனால் வண்டி அந்த உயிரற்ற துண்டுக்குள்ளேயே நின்றுவிடும் அபாயம் உண்டு, அப்போது பின்னால் வரும் எல்லா வண்டிகளும் நிற்க வேண்டியதுதான். நான் அழைத்துப்போகும் சிக்னல் பிரிவுப் பிள்ளைகள் பயணம் முடிந்து அதிகம் கேள்வி கேட்பது இதைப் பற்றித்தான்.

தாம்பரத்துக்குப் பிறகு பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று போகப் போக நிலையங்களின் இடைவெளி கூடும், வேகமும் கூடும். நடைமேடைகளில் 9, 12 என்று பெட்டிக் கணக்குக்கு ஏற்ற நிறுத்தப் பலகைகளைப் பாருங்கள். அந்தப் பலகைக்கு நேரே மூக்கை நிறுத்துவதில் ஒவ்வொரு மோட்டார்மேனுக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

இரவில் போனால்

முன் அறையில் விளக்கை அணைத்துவிடுவார்கள். உள்ளே வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், தண்டவாளம் தெரியாது. உங்கள் போன் திரையின் வெளிச்சமும் அப்படியே பிரதிபலிக்கும். பகலில் சைலன்ட் போதும், இரவில் போனை அணைத்தே விடுங்கள். நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அசம்பாவிதம் நடந்தால்

யாராவது அடிபடும் வாய்ப்பு இந்தத் தடத்தில் எந்தப் பயணத்திலும் உண்டு. இதை மறைத்து உங்களை ஏற்ற நான் விரும்பவில்லை. அப்படி நடந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. கத்த வேண்டாம், இறங்க வேண்டாம், படம் எடுக்கவே வேண்டாம். மோட்டார்மேன் கார்டுக்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்வார், எழுத்து மூலமாகவும் கொடுப்பார். பக்கத்துத் தடத்துக்கு ஆபத்து என்றால் முன்னால் மின்னும் மஞ்சள் விளக்கைப் போட்டு எதிரே வரும் வண்டியை எச்சரிப்பார். அதற்குப் பிறகும் அவர்தான் வண்டியை ஓட்ட வேண்டியிருக்கும். "உங்க மேல தப்பில்ல சார்" போன்ற ஆறுதல்கூட அப்போது வேண்டாம். இன்ஸ்பெக்டர் சொல்லும் நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது

முனையத்தில் மோட்டார்மேனுக்கு அவசரம் இருக்கும். சாவிகளை எடுத்துக்கொண்டு அடுத்த முனைக்கு நடக்க வேண்டும், அல்லது அடுத்த வண்டிக்குப் போக வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வழிவிடுங்கள். நோட்டில் சேர்த்து வைத்த கேள்விகளை லாபியில் இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். எழுதும்போது மோட்டார்மேனின் பெயரோ, வண்டி எண்ணும் தேதியும் சேர்ந்தோ வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாராட்டி எழுதிய ஒரு வரியே அவருக்கு விளக்கம் கேட்கும் கடிதமாக வந்து நிற்கலாம்.

அனுமதி கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு பீச் – வேளச்சேரி பறக்கும் ரயிலின் முதல் பெட்டியில் ஏறுங்கள். வளைவுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே முன்னால் வரும் சிக்னல்கள் தெரியும். மஞ்சள் வந்தால் வண்டி எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்று கவனித்தாலே ஓட்டுநரின் கணக்கில் பாதி பிடிபட்டுவிடும். அல்லது தாம்பரம் நடைமேடையின் முன்கோடியில், மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், 12 பெட்டிப் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மணியோசை, ஸ்டார்ட்டர், கிளம்பல் மூன்றும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பது அங்கிருந்தே தெரியும். அந்த வரிசையைப் பார்த்துப் பழகிவிட்டு மறுபடி விண்ணப்பம் போடுங்கள். கடிதத்தின் நோக்கம் என்ற இடத்தில் எழுத உங்களிடம் உருப்படியாக ஏதாவது இருக்கும்.